பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய வீடுகளின் அலுமாரிக்கு மேலே, கைபிடி வைத்த தட்டையான பெட்டி ஒன்று இன்னும் கிடக்கும். வாத்தியாராக இருந்த அம்மப்பா பாவித்தது, நொத்தாரிசு மாமா விட்டுப்போனது, கச்சேரியில் கிளாக்கராக இருந்த பெரியப்பா வாங்கியது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அதை இறக்கித் தூசி தட்டித் திறந்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள்தான் கீழே உள்ளவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மெசினுக்குள் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. விரல் படும் இடத்தில் தொடங்கிக் கடதாசி வரை எல்லாமே கண்ணால் பின்தொடரக்கூடிய இரும்பு. மேல்மூடியைக் கழற்றி, ஒரு விசையை மெதுவாக அழுத்தி, எது எதைத் தள்ளுகிறது என்று பொறுமையாகப் பார்க்கப் பழகினால் பாதித் திருத்த வேலை முடிந்த மாதிரி.

போர்ட்டபிள் என்றால் அலுவலக மெசினின் சின்ன வடிவம்தானே?

இல்லை. வெறுமனே சிறிதாக்கினால் அது வேலை செய்யாது. அலுவலகங்களில் இருந்த பெரிய மெசின் 14 கிலோவுக்கும் மேலே நிற்கும். அதில் விசைக் கம்பிகள் நீளமானவை, எழுத்துத் தண்டுகளும் நீளமானவை. நீளம் இருந்தால் விரலுக்கு வேலை குறைவு. போர்ட்டபிளில் அந்த நீளத்துக்கு இடமே கிடையாது. குறைந்த உயரத்துக்குள், குறைந்த விரல் அசைவில், அதே எழுத்து அதே அழுத்தத்தில் விழவேண்டும். இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு வழி கண்டது.

1912இல் வந்த கொரோனா 3 என்ற மெசின், கடதாசியைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் பாகமான கேரியேஜையே மடித்து விசைகளின் மேல் படுக்க வைத்தது. விசை வரிசைகளையும் மூன்றாகக் குறைத்தது. ஒரு தண்டுக்கு மூன்று எழுத்து, 28 விசைக்கு 84 எழுத்து. அதற்காக அதில் இரண்டு ஷிப்ட் விசைகள் வைத்தார்கள், ஒன்று பெரிய எழுத்துக்கு, மற்றது இலக்கங்களுக்கும் குறிகளுக்கும். 1920இல் ரெமிங்டன், அலுவலக மெசினில் உள்ளது போலவே நான்கு வரிசை விசைகளோடு போர்ட்டபிளைக் கொண்டுவந்தது. அதில் எழுத்துத் தண்டுகள் பெட்டிக்குள் தட்டையாகப் படுத்திருக்கும். தட்டச்சு செய்யுமுன் பக்கத்தில் உள்ள பிடியால் அவற்றை எழுப்பி நிறுத்த வேண்டும். 1935இல் சுவிற்சர்லாந்தில் இருந்து ஹேர்மிஸ் பேபி வந்தது. அதற்குப் பிறகு தட்டையான மெசின் என்பது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால், இந்தக் கணக்கை மிக அழகாகப் போட்டது 1950இல் வந்த ஒலிவெற்றி லெற்றெரா 22தான். வெளித் தோற்றம் மார்செல்லோ நிட்சோலியுடையது, உள் இயந்திரம் ஜூசெப்பே பெச்சியோவுடையது. 1954இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ விருது அதற்குக் கிடைத்தது. எடை 4 கிலோவுக்குள். விருதுக்குக் காரணம் அழகு மட்டும் என்று நினைக்கவேண்டாம். வெளி ஓட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஒரு கம்பி கூட வீணாக வளைந்திருக்காது.

ஒரு விசையை அழுத்தும்போது உள்ளே என்னென்ன நடக்கிறது?

கொஞ்சம் நீளமான பதில். ஆனால் இது விளங்கினால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்வீர்கள்.

விசையின் கீழே ஒரு நீண்ட கம்பி மெசினின் பின்பக்கம் வரை போகும். அது ஒரு அச்சில் தொங்குகிறது. விசை கீழே போனால் அந்தக் கம்பி ஒரு இணைப்புக் கம்பியை இழுக்கும். இணைப்புக் கம்பி எழுத்துத் தண்டின் அடியை இழுக்கும். எழுத்துத் தண்டு என்பது நுனியில் எழுத்து பொறித்த இரும்புத் தண்டு, திருத்துபவர்கள் டைப்பார் என்பார்கள். இந்தத் தண்டுகள் எல்லாம் பிறைவடிவில் வளைந்த ஒரு இரும்புக் கட்டையின் வெட்டுக்களுக்குள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கட்டைதான் செக்மெண்ட். வெட்டுக்கள் எல்லாவற்றுக்கும் நடுவால் ஒரே ஒரு வளைந்த கம்பி ஓடுகிறது. அத்தனை தண்டுகளும் அந்த ஒரு கம்பியில்தான் சுழல்கின்றன.

விரல் கீழே போவது ஒரு சென்டிமீற்றரை ஒட்டிய தூரம். அதற்குள் எழுத்து நுனி ஏறத்தாழ 90 பாகை வளைந்து வந்து கடதாசியில் அடிக்கிறது. சின்ன அசைவு பெரிய அசைவாக மாறுவது அந்த இணைப்புக் கம்பிகளின் கோணத்தில். தொடக்கத்தில் தண்டு மெதுவாக எழும், கடைசிப் பகுதியில் சட்டென்று வேகம் எடுக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விசையை முழுவதுமாக அழுத்திப் பிடித்தாலும் எழுத்து கடதாசியைத் தொடாது. தண்டு செக்மெண்டைச் சுற்றியுள்ள ஒரு வளையத்தில் மோதி, கடதாசியைத் தாங்கும் றப்பர் உருளைக்கு மயிரிழை தூரத்தில் நின்றுவிடும். அந்தக் கடைசித் தூரத்தைத் தாண்டுவது தண்டின் வேகம்தான். அதனால்தான் டைப் மெசினில் விசையை அமுக்கக்கூடாது, தட்ட வேண்டும். கணினியில் பழகிய பிள்ளைகள் முதல் தடவை தட்டும்போது எழுத்து மங்கலாக விழுவதற்கு இதுதான் காரணம். மெசினில் பிழை இல்லை.

அதே வேளையில் இன்னும் இரண்டு வேலை நடக்கிறது. விசை கீழே போகும்போது, எழுத்து விழப்போகும் இடத்துக்கு மை ஊறிய நாடாவான றிபன் மேலே தூக்கப்படுகிறது, பிறகு இறங்குகிறது. நீங்கள் அடித்த எழுத்தை உடனே பார்க்க முடிவது அதனால். அடுத்தது, எழுத்துத் தண்டின் அடிப்பகுதி பின்னால் உள்ள ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளுகிறது. எந்த எழுத்தை அடித்தாலும் இந்த ஒரே சட்டம்தான் அசையும். கேரியேஜை நகரவிடு என்ற செய்தி அதன் வழியாகத்தான் போகிறது.

கேரியேஜ் சரியாக ஒரு எழுத்துத் தூரம் மட்டும் நகர்வது எப்படி?

மெசினின் பின்னால் வட்டமான ஒரு டிரம் இருக்கும். அதற்குள் சுருண்ட ஸ்பிரிங். டிரம்மில் இருந்து ஒரு நாடா கேரியேஜின் நுனிக்குப் போகிறது. அந்த ஸ்பிரிங் எந்நேரமும் கேரியேஜை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. தடுக்க ஆள் இல்லாவிட்டால் கேரியேஜ் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் மறு கோடியில் மோதும்.

தடுக்கும் ஆள்தான் எஸ்கேப்மெண்ட். ஊசல் கடிகாரத்துக்குள் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுகிற அமைப்பு இருக்கிறதே, அதே குடும்பம். கேரியேஜின் அடியில் பற்கள் வெட்டிய ஒரு சட்டம். அதோடு கடித்துக்கொண்டு ஒரு சிறு பல்சக்கரம். அதே அச்சில் நட்சத்திர வடிவில் இன்னொரு சக்கரம். நட்சத்திரச் சக்கரத்தின் பல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடுப்புகள், ஒன்று அசையும் தடுப்பு, மற்றது அசையாத் தடுப்பு.

சும்மா இருக்கும்போது அசையும் தடுப்பு ஒரு பல்லைப் பிடித்திருக்கிறது. விசையைத் தட்டியதும் பொதுச் சட்டம் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பக்கம் சாய்க்கிறது. அசையும் தடுப்பு பல்லை விட்டுவிடுகிறது, அதே கணத்தில் அசையாத் தடுப்பு பல்லைப் பிடித்துக்கொள்கிறது. சுமை இல்லாமல் ஆன அசையும் தடுப்பு, தன் சின்ன ஸ்பிரிங்கினால் அடுத்த பல்லுக்குத் தாவி நின்று காத்திருக்கிறது. விரலை எடுத்ததும் எல்லாம் பழைய இடத்துக்குச் சாய்கிறது. அசையாத் தடுப்பு விடுகிறது, சக்கரம் ஒரு பல் தூரம் திரும்பி, காத்திருந்த அசையும் தடுப்பில் வந்து டக் என்று நிற்கிறது. நீங்கள் கேட்கும் சத்தத்தில் ஒரு பகுதி அந்த டக்தான்.

ஆகவே கேரியேஜின் பெரும் நகர்வு நடப்பது எழுத்து அடிபடும்போது அல்ல, விரல் எழும்பும்போது. அடிபடும் கணத்தில் கடதாசி அசையாமல் இருந்தால்தான் எழுத்து கலங்காமல் விழும். இடைவெளிப் பட்டையை மெதுவாக அழுத்தி மெதுவாக விட்டுப் பாருங்கள், பெரும்பாலான மெசின்களில் இதைக் கண்ணாலேயே காணலாம்.

நகரும் தூரம் எழுத்தளவைப் பொறுத்தது. பைக்கா என்றால் ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து, ஒரு நகர்வு 2.54 மில்லிமீற்றர். எலீற் என்றால் அங்குலத்துக்கு 12, நகர்வு ஏறத்தாழ 2.12 மில்லிமீற்றர். அந்த ஸ்பிரிங்குக்குச் சக்தி கொடுப்பது யார் என்றால், நீங்கள்தான். ஒவ்வொரு வரி முடிவிலும் கேரியேஜை வலப்பக்கம் தள்ளும்போது ஸ்பிரிங்கைச் சுற்றிவிடுகிறீர்கள். விரல்கள் எழுத்தை அடிக்கின்றன, நகர்த்துகிற பலம் இடது கையில் இருந்து வருகிறது. மின்சாரம் இல்லாத இரவிலும் இது ஓடுவது இப்படித்தான்.

ஷிப்ட் விசை சில மெசின்களில் பாரமாகவும் சிலவற்றில் லேசாகவும் இருப்பது ஏன்?

ஒவ்வொரு எழுத்துத் தண்டின் நுனியிலும் இரண்டு எழுத்துக்கள், ஒன்றின் கீழ் ஒன்று. மேலே பெரியது, கீழே சிறியது. மேலே உள்ளது உருளையில் பட வேண்டுமானால் ஒன்று உருளை உயர வேண்டும், அல்லது தண்டுக் கூட்டம் தாழ வேண்டும். ஹேர்மிஸ் பேபி, ஒலிம்பியா எஸ்எம்3 போன்றவை முதல் வழி. சின்னி விரல் முழுக் கேரியேஜையும் தூக்குகிறது. லெற்றெரா 22 இரண்டாவது வழி. செக்மெண்ட் தாழ்கிறது, விரலுக்கு லேசு. நாள் முழுக்கத் தட்டுபவருக்கு இரண்டாவதுதான் நல்லது. கேரியேஜ் தூக்கும் வகையில் பாரத்தைத் தாங்க ஒரு துணை ஸ்பிரிங் இருக்கும். அது கழன்றிருந்தால் ஷிப்ட் கல்லாகக் கனக்கும், மாட்டிவிட்டால் சரி.

இலக்கம் 1இன் விசையைக் காணவில்லை. உடைந்துவிட்டதா?

உடையவில்லை. பல மெசின்களில் அது செய்யப்படவே இல்லை. ஆங்கிலச் சிறிய எல் எழுத்தையே ஒன்றாகப் பாவித்தார்கள். வியப்புக்குறியும் அப்படித்தான். ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, பின்நகர்வு விசையால் ஓரெழுத்து பின்னால் வந்து, கீழே புள்ளி வைப்பார்கள்.

றிபன் பக்கத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று புள்ளி இருக்கிறதே, வெள்ளை எதற்கு?

கறுப்பும் சிவப்பும் றிபன் எவ்வளவு உயரம் தூக்கப்படுகிறது என்பதன் வித்தியாசம். றிபனின் மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சிவப்பு, அகலம் பொதுவாக அரை அங்குலம். குறைவாகத் தூக்கினால் மேல் பாதி எழுத்துக்கு முன்னால் வரும், கூடுதலாகத் தூக்கினால் கீழ்ப் பாதி வரும்.

வெள்ளையில் வைத்தால் றிபன் எழும்பவே எழும்பாது. எழுத்து வெறும் இரும்பாகப் போய் அடிக்கும். அது ஸ்டென்சில் வெட்டுவதற்கு. மெழுகு பூசிய தாளில் எழுத்தின் வடிவம் வெட்டுப்படும், அதை றோணியோ மெசினில் போட்டு மை உருட்டினால் பிரதி பிரதியாக வரும். நம் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் நீண்டகாலம் அப்படித்தான் வந்தன. வீட்டில் கிடைத்த மெசினில் எழுத்தே விழவில்லை என்று சொல்பவர்கள் முதலில் இந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நின்றுகொண்டிருக்கும்.

றிபன் ஒரு சுருளில் முடிந்ததும் தானாகத் திசை மாறவேண்டும். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் றிபனில் ஒரு சின்ன உலோகக் கண் இருக்கும். அது ஒரு கவட்டில் சிக்கித் திசைமாற்றியைத் தள்ளும். சும்மா ஒரு றிபனை வெட்டிச் சுற்றி, அந்தக் கண் இல்லாமல் போட்டால் மெசின் திரும்பாது. கண் இருந்த இடத்தில் ஒரு சிறு முடிச்சுப் போட்டாலும் போதும்.

வரி முடியப்போகிறது என்று மணிக்கு எப்படித் தெரியும்?

வலது ஓரத்துக்கு நீங்கள் வைத்த தடுப்பானோடு சேர்த்து ஒரு நாக்கு இருக்கிறது. கேரியேஜ் போகும்போது அது மணியின் சுத்தியலைத் தூக்கிவிட்டு விடும். ஓரத்துக்குச் சில எழுத்து முன்னால் அடிக்கும்படி வைத்திருப்பார்கள், கையில் உள்ள சொல்லை முடித்துக்கொள்ள.

தமிழில் இத்தனை எழுத்து இருக்க, 40 சொச்சம் விசையில் எப்படி அடக்கினார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழ் டைப்ரைட்டரைச் செய்துகாட்டியவர் நம் நாட்டவர். யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா. அவர் வகுத்த மெசினை ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த செய்டல் அண்ட் நௌமன் நிறுவனம் தயாரித்தது.

247 எழுத்துக்கும் தனித்தனித் தண்டு வைக்க முடியாது. செக்மெண்டில் அவ்வளவு வெட்டு வெட்ட இடமில்லை. ஆகவே எழுத்துக்களைப் பிரித்தார்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அரவு போன்றவை தனி விசைகள். கொ என்று அடிக்க வேண்டுமானால் கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டு. உகர ஊகாரங்கள்தான் சிக்கல். கு, சு, டு, மு எல்லாம் வேறு வேறு வடிவம், பிரிக்க முடியாது. அவற்றில் பலவற்றுக்குத் தனித் தண்டு கொடுக்க வேண்டியிருந்தது.

புள்ளியும் விசிறியும் எழுத்தின் மேலேயே உட்கார வேண்டும். கேரியேஜ் நகர்ந்துவிட்டால் அவை பக்கத்தில் போய் விழும். இதற்குத்தான் நகரா விசை. அந்த விசையின் தண்டு மற்றத் தண்டுகளைப் போலவே எழும்பும், அடிக்கும். ஆனால் அதன் அடிப்பகுதி பொதுச் சட்டத்தைத் தள்ளாதபடி வெட்டப்பட்டிருக்கும். செய்தி போகாது, கேரியேஜ் நகராது. ஓர் இரும்புத் துண்டில் இருந்து சிறு பகுதியைக் குறைத்ததால் தமிழ் மெய்யெழுத்து முழுவதும் மெசினுக்குள் வந்துவிட்டது. இயந்திர வடிவமைப்பில் இதைவிடச் சிக்கனமான தீர்வை நான் கண்டதில்லை.

இதில் ஒரு பழக்க வேறுபாடு உண்டு. நகரா விசை நகர்த்தாது என்பதால் முதலில் புள்ளியை அடித்து, பிறகு எழுத்தை அடிக்க வேண்டும். கணினியில் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் எழுத்துக்குப் பிறகு புள்ளி வைப்பார்கள். தமிழ் மெசினில் உட்கார்ந்தால் அவர்கள் கை முதல் நாள் குழம்பும், இரண்டொரு நாளில் சரியாகிவிடும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். எந்த எழுத்தானாலும் கேரியேஜ் ஒரே தூரம்தான் நகர்கிறது. ஆகவே ண, ஞ போன்ற அகன்ற எழுத்துக்கள் ஒடுக்கப்பட்டும், ர, அரவு போன்றவை தளர்ந்தும் நிற்கும். பழைய மெசினில் அடித்த கடிதத்துக்கு வரும் அந்தத் தனித் தோற்றம் இதனால்தான்.

விசைகள் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்புகின்றன. எண்ணெய் விடலாமா?

விடவேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

தண்டு ஒட்டுவது பெரும்பாலும் செக்மெண்டின் வெட்டுக்களில். அந்த வெட்டுக்கள் மிக ஒடுக்கமானவை. முன்னொரு காலத்தில் யாரோ விட்ட எண்ணெய், அதில் ஒட்டிய தூசி, றிபனின் நார், அழிறப்பரின் தூள் எல்லாம் சேர்ந்து பசையாகியிருக்கும். அதன் மேல் தையல் மெசின் எண்ணெயை விட்டால் ஒரு கிழமைக்கு வடிவாக ஓடும். பிறகு முன்னையைவிட மோசமாக ஒட்டும். துருநீக்கி ஸ்பிறே அடிப்பதும் அதே கதைதான். செக்மெண்ட் உலர்ந்த நிலையில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது.

செய்ய வேண்டியது துப்பரவு. பெயின்ற் கடைகளில் விற்கும் வைற் ஸ்பிரிட் போதும். மெசினின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, அழுக்கு பின்னால் ஓடிப்போகாதபடி கீழே துணி விரியுங்கள். பழைய பல் துலக்கும் பிறஷைத் தோய்த்து செக்மெண்டின் வெட்டுக்களை அவற்றின் திசையிலேயே தேயுங்கள். தேய்த்தபின் ஒவ்வொரு விசையையும் பலமுறை தட்டுங்கள். கறுப்பாக வடியும். துடையுங்கள், மறுபடி செய்யுங்கள். தெளிவாக வடியும் வரைக்கும் இதே வேலைதான். அடுப்பு, விளக்கு, சிகரட் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது, யன்னல் திறந்திருக்க வேண்டும்.

தின்னர் பக்கமே போகவேண்டாம். ஓட்டின் பெயின்றையும் பிளாஸ்ரிக் விசைகளையும் அது கரைத்துவிடும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் காய்ந்த பிறகு ஒரு பிசுபிசுப்பை விட்டுப்போகும். அதுவும் வேண்டாம்.

துப்பரவாக்கியும் ஒரே ஒரு தண்டு மட்டும் ஒட்டினால் அது வளைந்திருக்கலாம். இரண்டு விசையை ஒன்றாகத் தட்டித் தண்டுகள் சிக்கியபோது யாராவது பலமாக இழுத்திருப்பார்கள். பக்கத்துத் தண்டுகளோடு ஒப்பிட்டு எங்கே உரசுகிறது என்று பாருங்கள். குறட்டால் நெளிப்பது கடைசி வழி.

எண்ணெய் எங்கேயும் வேண்டாமா என்றால், கேரியேஜ் ஓடும் தண்டவாளத்தில் ஊசி நுனியில் தொட்டு வைக்கும் அளவு போதும்.

தட்டினால் எழுத்து விழுகிறது, கேரியேஜ் நகரவில்லை. என்ன செய்வது?

பின்பக்கம் பாருங்கள். பத்தில் ஏழெட்டு மெசினில் இழுவை நாடா அறுந்திருக்கும், அல்லது கொக்கியில் இருந்து கழன்றிருக்கும். கேரியேஜ் கையால் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போகிறது, ஆனால் இழுப்பு இல்லை என்றால் இதுதான்.

அறுந்த நாடாவுக்குப் பதிலாக மீன்பிடிக்கப் பாவிக்கும் பின்னல் நூல் மிக நன்றாக வேலை செய்யும். வாவிக்கரைக் கடைகளில் கிடைக்கும். தங்கூசி வேண்டாம், அது நீளும், முடிச்சு வழுக்கும். டிரம்மில் நூலைக் கட்டிச் சில சுற்றுச் சுற்றி, கையை விடாமல் பிடித்தபடியே கேரியேஜில் மாட்டுங்கள். டிரம்மைச் சுற்றிய பிறகு கையை விட்டால் ஸ்பிரிங் ஒரே மூச்சில் அவிழும். விரலையும் காயப்படுத்தும், ஸ்பிரிங்கின் நுனியும் உள்ளே முறியும். கேரியேஜ் இடது கோடி வரை தயங்காமல் போகிற அளவு இழுப்பு போதும். அதற்கு மேல் இறுக்கினால் எழுத்துக்களுக்கு நடுவே தாவும்.

நாடா நன்றாக இருந்தும் நகராவிட்டால் கேரியேஜ் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டபிள்களில் கொண்டுபோகும்போது ஆடாமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். அதை அறியாமல் பலமாகத் தள்ளிப் பல்சட்டத்தை உடைத்தவர்கள் உண்டு.

எழுத்தின் மேல் பாதி மட்டும் தெரிகிறது. சில எழுத்து உள்ளே நிறைந்து கறுப்பாக விழுகிறது.

இரண்டும் வேறு வேறு காரணம். பாதி எழுத்து விழுந்தால் றிபன் போதிய அளவு எழும்பவில்லை, அல்லது கூடுதலாக எழும்புகிறது. றிபனைத் தூக்கும் கவட்டின் இரண்டு பக்கமும் றிபன் ஒழுங்காகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எழுத்துக்கள் மட்டும் வரியில் இருந்து ஏறியோ இறங்கியோ நின்றால் ஷிப்ட் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும் ஸ்குரூக்களில் கோளாறு.

நிறைந்து விழுவது எழுத்துக் குழிகளில் மை அடைத்ததால். ழ, ஞ, ண போன்ற சுழியுள்ளவைதான் முதலில் அடைபடும். உலர்ந்த பிறஷால் குத்தித் தட்டினாலே போதும். ஊசியால் கிண்டவேண்டாம், எழுத்தின் விளிம்பு தேயும்.

உருளை கல்லுப் போல இறுகிவிட்டது. பாவிக்கலாமா?

றப்பர் காலத்தோடு இறுகும். இறுகிய உருளையில் சத்தம் கூடும், புள்ளியும் கமாவும் கடதாசியை ஓட்டையாக்கும். கடதாசிக்குப் பின்னால் இன்னொரு தாளையும் சேர்த்துப் போட்டு அடியுங்கள். சத்தமும் குறையும், எழுத்தும் நன்றாக விழும், உருளைக்கும் பாதுகாப்பு. கடதாசி சறுக்கினால் உருளையையும் கீழே உள்ள சின்ன உருளைகளையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறோம். கறள் பிடிக்காமல் வைத்திருப்பது எப்படி?

கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் உள்ளவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம். உப்பு காற்றில் இருந்து இரும்பின் மேல் படிகிறது. அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மாரி தொடங்கியதும் கறள் எழும்புவது அதனால். நிக்கல் பூசிய பாகங்களில் பூச்சுக்கு அடியால் ஊறிக் கொப்பளிக்கும்.

பெட்டிக்குள் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் பக்கத்துக்கு அது பிழை. பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் துணியும் பலகையும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மெசின் மாதக்கணக்கில் அந்த ஈரத்துக்குள் கிடக்கும். வெளியே, யன்னலுக்குத் தூரமாக, மெல்லிய பருத்தித் துணியால் மூடி வையுங்கள். பொலித்தீன் போடவேண்டாம், உள்ளே வியர்க்கும். பெட்டியில்தான் வைக்க வேண்டுமென்றால் கச்சான் காற்றுக் காலத்தில் பெட்டியைத் திறந்து நன்றாகக் காயவிடுங்கள், சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள். மெசினை மட்டும் நேர் வெயிலில் வைக்காதீர்கள், றப்பர் இறுகும்.

எல்லாவற்றையும்விட நல்லது கிழமைக்கு ஒரு பக்கமாவது தட்டுவது. அசைந்துகொண்டிருக்கும் இரும்பில் கறள் உட்கார நேரம் எடுக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய மெசினைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், உடனே கை வைத்தால். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் எல்லாம் கண்ட மாவட்டங்கள் இவை. இன்று வீடுகளில் கிடைக்கும் மெசின்களில் சில அந்தத் தண்ணீரில் கிடந்தவைதான். பல்சக்கரத்தின் மூலைகளில் சேறு உலர்ந்து கல்லாகியிருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.

இப்போது நனைந்தது என்றால், துடைத்து வைக்காதீர்கள். முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பும் சேறும் உள்ளே உலர்வதுதான் பெரிய ஆபத்து. கரையோரக் கிணறுகளில் தண்ணீர் உவராக இருந்தால் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். ஓட்டைக் கழற்றி, எல்லாப் பக்கமும் புரட்டி, சேறு போகும் வரை ஊற்றுங்கள். பிறகு மின்விசிறிக்கு முன்னால் வைத்து, இடையிடையே புரட்டி, விசைகளை அசைத்துக்கொண்டே உலர்த்துங்கள். உலர்ந்ததும் மேலே சொன்ன வைற் ஸ்பிரிட் துப்பரவு. டிரம்முக்குள் தண்ணீர் தங்கும், அதை மறக்காதீர்கள்.

பல வருடத்துக்கு முன் மூழ்கி இறுகிப்போனது என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்டுகள் திரும்ப அசையலாம். ஆனால் எஸ்கேப்மெண்டின் பற்கள் கறளில் குழி விழுந்திருந்தால் எழுத்துத் தூரம் ஒருநாளும் சீராக வராது. அப்படிப்பட்டதை இன்னொரு மெசினுக்கு உதிரிப்பாகமாக வைத்திருப்பதே பயன்.

ஒன்றை வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பளபளப்பைப் பார்க்காதீர்கள், பெயின்ற் அடித்தால் எதுவும் மின்னும். ஒரு கடதாசி கொண்டுபோங்கள். ஒரு முழு வரிக்கு ஒரே எழுத்தைத் தட்டுங்கள், இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவா என்று பாருங்கள். அதில் பிழை என்றால் எஸ்கேப்மெண்ட், விட்டுவிடுங்கள். எழுத்துத் தண்டு ஒட்டுவது, றிபன் காய்ந்திருப்பது, நாடா அறுந்திருப்பது எல்லாம் சரிப்படுத்தக்கூடியவை, அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ஷிப்டை அழுத்திச் சிறியதும் பெரியதும் மாறி மாறித் தட்டுங்கள். உருளையை நகத்தால் அழுத்துங்கள். மெசினைக் கவிழ்த்து அடியில் சேறும் கறளும் இருக்கிறதா என்று பாருங்கள். றிபன் சுருள் இரண்டும் இருக்கிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். புது றிபன் வாங்கிப் பழைய சுருளில் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த மெசினுக்கே உரிய சுருள் தொலைந்தால் தேடிப் பிடிப்பது கடினம்.